நீறும் முருகைக்கல்லும்: சுண்ணாம்பின் வரலாற்றில் எழுதப்படாத பக்கம்

1

திருத்தணி மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று படியேறி வருகிற யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்கள். கடல் எங்கேயோ கிடக்குது, மலை இங்கே நிக்குது.

இந்த ஊரின் வரலாறாக நமக்குச் சொல்லித்தரப்பட்டவை மூன்று. ஒன்று, அரசனின் வரலாறு: வீரட்டானேசுவரர் கோயில், பல்லவன் அபராஜிதன் காலத்துக் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு. இரண்டாவது, தெய்வத்தின் வரலாறு: சூரனை அழித்த முருகனின் சினம் தணிந்த இடம், ஆகவே தணிகை, அதைப் பாட ஒரு தணிகைப் புராணம். மூன்றாவது, மொழியின் வரலாறு: ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. மூன்றும் கல்லிலும் ஏட்டிலும் சட்டத்திலும் பதிவாகியிருக்கின்றன. மூன்றுக்கும் உரிமை கொண்டாட ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது வரலாறு ஒன்று உண்டு. அது பொருளின் வரலாறு. கோயில் சுவரில் காவிக்குப் பக்கத்தில் ஓடும் வெள்ளைப் பட்டையின் வரலாறு. கடைத்தெருவில் தமிழில் சுண்ணாம்பு என்றும் தெலுங்கில் சுன்னம் என்றும் கேட்டு வாங்கி வெற்றிலையில் தடவும் அந்த விரல்நுனிப் பொருளின் வரலாறு. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினால் மலையிலிருந்து கடலுக்கு இறங்கியே ஆகவேண்டும். புராணம்கூட அந்த வழியைத்தான் காட்டுகிறது. சினம் தணிந்தது இங்கே. போர் நடந்ததோ திருச்செந்தூரில், மன்னார் வளைகுடாக் கரையில்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடி திருத்தணி மலை என்றால் கிழக்குக் கோடி பழவேற்காட்டு ஏரி. அந்த ஏரியின் அடியில் படிந்து கிடக்கும் சிப்பிகளை வாரி, காளவாயில் சுட்டு, சுண்ணாம்பாக்கி விற்றது பல தலைமுறைத் தொழில். வெள்ளைக்காரன் 'மெட்ராஸ் சுனாம்' என்று வியந்து எழுதிய, சலவைக்கல் போலப் பளபளக்கும் பூச்சு இப்படிச் சிப்பி சுட்ட சுண்ணாம்பில் ஆனது. உள்நாட்டில் சுக்கான்கல்லைச் சுட்ட சுண்ணாம்பும் இருந்தது. அது மண்ணில் விளைந்தது. அதை விட்டுவிட்டால் நம் சுவர்களில் ஏறிய வெள்ளையில் பெரும்பங்கு ஏதோ ஒரு கடல் உயிரின் ஓடு அல்லது எலும்பு.

சுட்ட சுண்ணாம்புக்குத் தமிழில் 'நீறு' என்றொரு பெயர் உண்டு. நெற்றியில் பூசுவதும் நீறு, காளவாயிலிருந்து வருவதும் நீறு. இரண்டும் எரிந்தபின் மிஞ்சியவை. எது எரிந்தது என்பதை மட்டும் சொல் மறைத்துக்கொள்கிறது.

2

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். ஈழத்துத் தமிழில் இதற்கு முருகைக்கல் என்று பெயர். முருகன் மலையில் நின்றுகொண்டு முருகைக்கல்லைப் பற்றிப் பேசுவதில் இருப்பது ஒலி ஒற்றுமைதான். சொற்பிறப்பு ஆராய்ச்சியில் இறங்கி வீண்பெருமை தேட வேண்டியதில்லை. ஆனால் 'பவளம்' என்றதும் கழுத்து மாலையை நினைக்கும் நமக்கு, சுவர் எழுப்பும் கல்லாகவும் அதை அறிந்திருந்த மக்களின் இந்தச் சொல் தேவைப்படுகிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர் முருகைக்கல்லால் ஆனது.

இந்தப் பாறைகளை 'அறிவு' எப்படி அணுகியது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் ராமேசுவரத்துக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் போய், முத்து, சங்கு, பவளம் எல்லாவற்றையும் பட்டியலிட்டார். இதே தர்ஸ்டன்தான் நம்மவர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். பவளத்தின் எலும்பையும் மனிதனின் எலும்பையும் ஒரே கை அளந்திருக்கிறது. அளப்பதும் வகைப்படுத்துவதும் ஆள்வதற்கான முன்தயாரிப்பு என்று நாம் சாதி விஷயத்தில் பேசியிருக்கிறோம். கடல் விஷயத்தில் பேசியதில்லை.

1969 ஜனவரியில் பவளப்பாறைகள் குறித்த உலகின் முதல் சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. எங்கே? ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ அல்ல, மண்டபம் முகாமில். இது எத்தனை தமிழ் எழுத்தாளர்களுக்குத் தெரியும்? அந்தக் கருத்தரங்கின் தொகுப்பு 1972இல் வந்தது. அதில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் எழுதிய கட்டுரை, பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதோடு அவை எப்படி வெட்டி எடுக்கப்படுகின்றன, எதற்குப் பயன்படுகின்றன என்பதையும் பேசியது. வள்ளத்தில் போய், கடப்பாரையால் நெம்பி, ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் கல் கரையேறியது. சுண்ணாம்புக்கு, சாலைக்கு, கால்சியம் கார்பைடு தயாரிக்க என்று போனது.

கல் எடுத்தவர் கையில் தங்கியது அன்றாடக் கூலி. காளவாய் முதலாளி, தொழிற்சாலை, கட்டடம் கட்டியவர்கள் என்று லாபம் மேலே போனது. 1986இல் தீவுகளைச் சேர்த்துத் தேசியக் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது சட்டத்தின் கண்ணில் முருகைக்கல்லும் புலியும் ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு, பாறை இருந்தால்தான் கரை இருக்கும் என்ற உணர்வும் சேர்ந்துகொள்ள, 2005 வாக்கில் கல்லெடுப்பு நின்றது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் பாடம் இன்னும் கொடூரமாக வந்தது. சுண்ணாம்புக்காகப் பல காலம் முருகைக்கல் வெட்டப்பட்ட அந்தக் கரையோரத்தில்தான், பெரலியவில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு ரயிலை அலை கவிழ்த்தது. பாறை பெரிதும் பிழைத்திருந்த பக்கத்து ஹிக்கடுவையில் அலை அவ்வளவு தூரம் உள்ளே வரவில்லை.

அதற்குள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன.

கல்லெடுப்பு நின்றது நல்லதுதான். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் இந்த வரலாறு இத்தோடு முடிந்ததாக எழுதப்படுகிறதே, அங்கேதான் சிக்கல். 'அறியாமையால் கடல் மக்கள் அழித்தார்கள், அரசும் அறிவியலும் காப்பாற்றின' என்ற பெருங்கதையாடல் கச்சிதமாக முடிகிறது. வழக்கு யார் மேல் போட்டார்கள்? கடப்பாரை பிடித்தவன் மேல். சரி, கடப்பாரை ஓய்ந்து இருபது வருஷம் ஆகிறது. பாறை பிழைத்துக்கொண்டதா?

3

இங்கே கொஞ்சம் வேதியியல் பேசியாக வேண்டும். வாசகர் பொறுத்துக்கொள்ளட்டும், அரசியல் இதற்குள்தான் இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடுக்கு நம் பள்ளிப் புத்தகங்கள் வைத்த பழைய பெயர் கரியமில வாயு. பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. கரியை எரித்தால் வரும் வாயு. நீரில் கரைந்தால் அமிலம். பிற்காலத்துப் பெயரில் இல்லாத எச்சரிக்கை பழைய பெயரில் இருந்திருக்கிறது. நாமும் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனோம்.

முருகைக்கல்லைக் கட்டுவது பொலிப் என்கிற மிகச் சிறிய உயிர். கடல்நீரில் கால்சியம் உண்டு, கார்பனேட்டும் உண்டு. இரண்டையும் சேர்த்து அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகமாக்கித் தன் காலடியில் படியவைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, மறுபடி படியவைத்து வளர்கிறது. கிளைவிடும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டைப் பாறையாகத் திரளும் வகைகள் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். வெட்டிப் பார்த்தால் மர வளையம் போல ஆண்டு வரிகள் தெரியும். கடல் தானே எழுதிவைத்த கல்வெட்டு அது; அபராஜிதனுடையதற்குக் குறைந்ததல்ல.

இந்தக் கட்டுமானம் சும்மா நடப்பதில்லை. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு. அந்த இடுக்கில் இருக்கும் நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைத்து, கால்சியத்தை உள்ளே இழுத்து, அங்கே மட்டும் காரத்தன்மையைக் கூட்டிக்கொள்கிறது பொலிப். ஏற்றம் இறைப்பது மாதிரி. இறைக்க உழைப்பு வேண்டும். அந்தச் சக்தியின் பெரும்பகுதி அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சமைத்துக் கொடுக்கும் உணவிலிருந்து வருகிறது.

இப்போது காற்றில் கரியமில வாயு கூடினால் என்ன ஆகும்? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர்கள் வெளியேற்றுவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் விழுங்குகிறது. விழுங்கிய வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கிறது. அந்த அயனி நீரில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. கவனியுங்கள்: எலும்புக்கான செங்கல் கார்பனேட். அது குறைகிறது. வெளியே ஹைட்ரஜன் அயனி கூடக்கூட, உள்ளிருந்து அதை இறைத்து வெளியே தள்ளுவதும் கடினமாகிறது. செங்கல்லும் தட்டுப்பாடு, கூலியும் ஏறிப்போச்சு. வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கடலின் பி.எச். அளவு சுமார் 8.2இலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. 'பூஜ்யம் புள்ளி ஒண்ணுதானே' என்று தோன்றும். அந்த அளவுகோலின் கணக்கு வேறு. இந்தச் சின்ன இறக்கத்துக்குள் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது, புளித்த மோராகிவிடவில்லை. 'அமிலமாதல்' என்பது போகும் திசையைக் குறிக்கும் சொல்.

கடல் இந்த வாயுவை எல்லாரும் நினைத்த வேகத்தில் விழுங்கிக்கொள்ளாது என்று 1957இல் எழுதியவர்கள் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூயஸ் என்ற இருவர். இந்த ரெவெல் நமக்கு அந்நியர் அல்ல. 1964-66 கோத்தாரி கல்விக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். நம் பள்ளிக்கூடத்தின் 10+2+3 திட்டத்தைப் பரிந்துரைத்த குழுவில் அமர்ந்தவர் கடலின் கணக்கையும் போட்டிருக்கிறார். நம் பாடப்புத்தகத்துக்கு முதல் கணக்கு வந்தது, இரண்டாவது வரவில்லை.

சோதனைகள் பின்னால் வந்தன. அமெரிக்காவின் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடிக் கூடாரத்துக்குள் அமைத்த செயற்கைக் கடலில், கிறிஸ் லாங்டனும் சகாக்களும் 2000இல் காட்டினார்கள்: நீரின் கார்பனேட் நிறைவு குறைந்தால் பாறை மொத்தமும் சுண்ணாம்பு கட்டும் வேகம் குறைகிறது. 2007இல் வெளியான இன்னொரு சோதனை மனதை உலுக்குவது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மாவோஸ் ஃபைன், டான் செர்னோவ் இருவரும் மத்தியதரைக்கடலின் இரண்டு பவள வகைகளை அமிலம் கூடிய நீரில் ஓராண்டு வைத்திருந்தார்கள். எலும்பு கரைந்து போயிற்று. உயிர் போகவில்லை. மெத்தென்ற வெறும் தசையாகத் தனித்தனியே பிழைத்துக் கிடந்தன. பழைய நீருக்குத் திருப்பியதும் மறுபடி எலும்பு கட்டத் தொடங்கின.

இதைப் படித்துவிட்டு 'பார், பிழைத்துக்கொள்கிறதே' என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. அது அந்த இரண்டு வகைகளின் கதை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், எலும்பில்லாத பொலிப்புகள் ஆயிரம் கோடி இருந்தாலும் அது பாறை ஆகாது. மீன் ஒதுங்க இடுக்கு இராது, அலையைத் தடுக்கச் சுவர் இராது. தனியுயிர் பிழைக்கும், கூட்டாகக் கட்டிய ஊர் அழியும். பாப்புவா நியூகினியில் எரிமலை வாயு இயற்கையாகவே கடலடியில் குமிழியிடும் இடங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். அங்கே உருண்டைப் பாறை வகை தாக்குப்பிடித்து நிற்கிறது. கிளைவிட்டு, மடல்விட்டு, மீன்குஞ்சுகளுக்கு வீடு தரும் வகைகள் அருகிவிட்டன. அமிலமும்கூட எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை.

பவளம் மட்டுமல்ல. உடைந்த துண்டுகளைச் சிமெண்ட் போல ஒட்டவைத்து, பவளக் குஞ்சுகள் வந்து அமர இடம் தரும் சுண்ணாம்புப் பாசிகளின் எலும்பு இன்னும் எளிதில் கரையும் வகை. சங்கும் முத்துச்சிப்பியும் ஓடு கட்டுவதும் இதே கார்பனேட்டை நம்பித்தான். கொற்கை முத்தைப் பற்றிப் பெருமை பேசும் தமிழ் வரலாற்றெழுத்தியல், முத்து என்பதே கடல்நீர் சுண்ணாம்பாக மாறிய ஒரு வேலை என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

மன்னார் வளைகுடாவில் கண்ணெதிரே பாறையைக் கொல்வது முதலில் வெப்பம் என்பதையும் மறைக்கக்கூடாது. 2010இலும் 2016இலும் நீர் சூடேறி, நுண்பாசிகள் வெளியேறி, பவளங்கள் வெளுத்துச் செத்தன. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. வெப்பம் சமையற்காரரைத் துரத்துகிறது. அமிலமாதல் மெதுவாக, சத்தமில்லாமல், செத்ததை மறுபடி கட்டவிடாமல் செய்கிறது. பாறை என்பது வரவு செலவுக் கணக்கு. கிளிமீனும் துளையிடும் கடற்பஞ்சும் அலையும் எப்போதும் அரித்துக்கொண்டே இருக்கும். கட்டுவது அரிப்பதைவிடக் கூடுதலாக இருந்தவரை பாறை வளர்ந்தது. இப்போது வரவு குறைகிறது.

4

மறுபடி காளவாய்க்கு வருவோம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிச் சுவரில் பூசினால், அந்தப் பூச்சு ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் கடனைத் திருப்பிக் கொடுத்த சுவர். அடுப்புக்கு எரித்த விறகும், வெட்டிய முருகைக்கல்லும் நஷ்டம்தான்; ஆனால் கல்லுக்குள் இருந்த வாயு பெரும்பாலும் திரும்பியது.

சிமெண்டின் கதை வேறு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் என்பது கிரெட்டேசியஸ் காலக் கடலின் படிவு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும். அதை நிலக்கரி வைத்து எரித்துச் சிமெண்ட் ஆக்குகிறோம். வெளியேறியதில் ஒரு பங்குதான் கான்கிரீட்டுக்குத் திரும்பும். நிலக்கரியின் வாயு திரும்பவே திரும்பாது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழு எட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. நிலக்கரி, பெட்ரோலியத்தின் பங்கு இதைவிடப் பல மடங்கு. ஆக நடந்தது இதுதான்: முதல் காளவாய், கட்டிமுடித்த எலும்பை எடுத்து எரித்தது. இரண்டாவது காளவாய், பழைய கடலின் எலும்பையும் பழைய காட்டின் கரியையும் எரித்து, இன்றைய கடல் எலும்பே கட்டமுடியாதபடி செய்கிறது. முதலாவதற்குச் சட்டம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, சிறை இருக்கிறது. இரண்டாவதற்குத் திறப்பு விழா இருக்கிறது.

கல்லெடுப்பில் கரைந்துகொண்டிருந்த தூத்துக்குடி வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் கடலடியில் ஆயிரக்கணக்கான செயற்கைக் கட்டுமானங்களை இறக்கினார்கள். அவை அலையைத் தடுக்கின்றன, பவளமும் ஒட்டி வளர்கிறது. செய்தவர்களின் உழைப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை எதனால் ஆனவை? சிமெண்டால். இருபதாம் நூற்றாண்டின் கதை முழுவதும் அந்த ஒரு கட்டிக்குள் இருக்கிறது.

திருத்தணிக்குத் திரும்புவோம். இந்தப் பக்கத்து மழைநீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, பூண்டி தாண்டி, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தின் பக்கத்தில், நம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில்தான், வடசென்னையிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். கிருத்திகை இரவில் மலை முழுக்க மின்னும் விளக்குக்கும் இதை எழுதும் என் மேசை விளக்குக்கும் வரும் மின்சாரத்தில் அந்தக் கரியும் கலந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பல் ஆற்றில் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எண்ணூர் மீனவர்கள் போராடியதால் போனது. அது கண்ணுக்குத் தெரியும் நீறு. காற்றேறிப் போனது கண்ணுக்குத் தெரியாத பங்கு. அதற்கு வாதி யார், பிரதிவாதி யார்?

'மனிதகுலம் கடலை அமிலமாக்கிவிட்டது' என்ற வாக்கியத்தைச் சந்தேகிக்க வேண்டும். எந்த மனிதகுலம்? இந்தியர் ஒருவரின் சராசரி வெளியேற்றம் உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. இந்தியர் என்று சராசரி போடும்போதே குளிர்சாதன மாடிவீடும் எண்ணூர்க் குப்பமும் ஒன்றாகிவிடுகின்றன. வள்ளத்தில் கல் ஏற்றியவனும், சங்கு குளித்தவனும், பாசி எடுக்கும் பெண்களும் 'மனிதகுலம்' என்ற சொல்லுக்குள் குற்றவாளியாக மட்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். அதே சமயம், 'நாங்கள் குறைவாகத்தானே எரித்தோம், இன்னும் எரிக்க உரிமை உண்டு' என்ற தேசியவாதச் சொல்லாடலும் நமக்கு உதவாது. அந்த உரிமையின் சாம்பல் எப்போதும் கொசஸ்தலையின் கரையில்தான் கொட்டப்படுகிறது, பங்களா வாசலில் அல்ல.

1950களில் எல்லைக்காக இந்த ஊர் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தது. எந்த ஊரில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்று வீடு வீடாகத் தெரிந்துவைத்திருந்தோம். அந்தக் கணக்கெடுப்பு ஓர் அரசியல் அறிவாக இருந்தது. அதை வைத்து மண்ணைக் கேட்க முடிந்தது. இன்று நமக்குத் தேவைப்படுவதும் அப்படியொரு கணக்குத்தான்: எந்தப் புகைபோக்கி எவ்வளவு எரிக்கிறது, அதன் வெளிச்சம் யாருக்கு, சாம்பல் யாருக்கு. மாவட்டத்தின் மலைக்கோடியில் இருப்பவர்கள் கடற்கோடியின் வழக்கைத் தங்கள் வழக்காக எடுக்காதவரை, வனச்சட்டத்தின் கண் கடப்பாரையை மட்டுமே தேடிக்கொண்டிருக்கும்.

பழைய நீருக்குத் திருப்பினால் அந்த உயிர்கள் மறுபடி எலும்பு கட்டின என்பதைச் சோதனைத் தொட்டியில் பார்த்தோம். தொட்டியில் நீரை மாற்ற இரண்டு பேர் போதும். கடலில் யார் மாற்றுவது என்ற கேள்வியை வேதியியலாளர்களிடம் மட்டும் விட்டுவிடலாமா என்பதை நம் விவாதத்துக்கு முன்வைக்கிறேன்.